கோழிச் செள்: மருந்தை எடுக்கும் முன் டார்ச்சை எடுங்கள்

கேள்வி இதுதான். கொல்லையில் 7 நாட்டுக்கோழி, ஒரு சேவல். ஒரு பெட்டை 11 முட்டையில் அடை உட்கார்ந்து 12 நாள் ஆகிறது. கூடைக்குள் கையை விட்டால் முழங்கை வரை செள் ஏறுகிறது. மாட்டுக்கு அடிக்கும் உண்ணி மருந்தைத் தண்ணீரில் கலந்து எல்லாக் கோழிகளையும் ஒருமுறை முக்கி எடுத்தால் தீர்ந்தது என்கிறார் பால்காரர். அந்தக் கோழிகளின் முட்டையைத்தான் வீட்டில் 2 வயதுப் பேத்தி சாப்பிடுகிறாள். முக்கலாமா, கூடாதா?

கூடாது. அடைக்கோழியை எந்த மருந்திலும் முக்க வேண்டாம். மற்றவற்றுக்கு மருந்து தேவையா என்பதே இன்னும் தெரியாது. பால்காரரைக் குறை சொல்லவில்லை, மாட்டுக்கு அது கேட்பதை அவர் கண்ணால் பார்த்திருப்பார். ஆனால் மாட்டு உண்ணி நாள் கணக்கில் மாட்டின் மேலேயே தொங்கிக் கிடக்கும். உங்கள் கையில் ஏறியது அப்படியில்லை, அது கூடையில் குடியிருப்பது. கோழியைக் குளிப்பாட்டி அதே கூடையில் கொண்டுபோய் உட்கார வைத்தால் நாலாம் நாள் பழைய கதைதான்.

செள், செல்லு, செள்ளு என்று ஊருக்கு ஒரு மாதிரி சொல்கிறோம். அந்த ஒரு சொல்லுக்குள் நாலைந்து பூச்சிகள் இருக்கின்றன, அதில்தான் குழப்பமே. கோழியின் உடம்பிலேயே பிறந்து, வளர்ந்து, சாவது ஒரு வகை. கூட்டில் ஒளிந்திருந்து ரத்தம் குடிக்க மட்டும் கோழியிடம் வந்துபோவது இன்னொரு வகை. முதல் வகைக்குக் கோழியைக் கவனிக்க வேண்டும், இரண்டாவதுக்குக் கூட்டை. இது தெரியாமல் மருந்து வாங்குவது, திருடன் எந்தத் தெருவில் இருக்கிறான் என்று தெரியாமல் ஊரையே கொளுத்துகிற மாதிரி.

இன்று இரவு கோழிகள் அடைந்து இரண்டு மணி நேரம் கழித்து ஒரு டார்ச்சும் வெள்ளைத் துணியும் எடுத்துக்கொண்டு கூட்டுக்குப் போங்கள். கோழிகள் உட்காரும் கம்பின் மேல்பக்கம் பார்த்துப் பயனில்லை. அடிப்பக்கத்தைப் பாருங்கள், கம்பு சுவரில் செருகும் ஓட்டையைப் பாருங்கள், மூங்கிலாக இருந்தால் கணுவைப் பாருங்கள். துணியால் கம்பின் அடியை அழுத்தித் துடைத்துவிட்டு விரித்துப் பார்த்தால் சிவப்பாகக் கோடு இழுத்திருக்கும். அது உங்கள் கோழியின் ரத்தம், குடித்துவிட்டு இறங்கிய செள் நசுங்கியது. குடிக்காத செள் சாம்பல் நிறம், கடுகில் பாதிகூட இருக்காது. பகலில் அதே இடுக்குகளில் உப்பும் மிளகுத்தூளும் சேர்த்துச் சிந்தியது போல அதன் சட்டையும் எச்சமும் கிடக்கும். இது கூட்டுச் செள்.

மறுநாள் காலையில் கோழியை மடியில் வைத்துக்கொண்டு பின்துவாரத்துக்குக் கீழே இறகை ஊதி விலக்குங்கள். வைக்கோல் நிறத்தில், தட்டையாக, வெளிச்சம் பட்டதும் தோலின் மேல் ஓடுவது பேன். இறகின் அடித்தண்டில் வெள்ளையாக ரவை திரண்டது போல ஒட்டிக்கொண்டிருப்பது அதன் ஈர். இறகு அழுக்கேறிக் கறுத்து, தோல் பொருக்குத் தட்டியிருந்தால் கோழி மேலேயே தங்கும் இன்னொரு செள். வெப்ப நாடுகளில் உள்ள ஒரு வகை கோழியிலும் இருக்கும், அடைக்கூடையிலும் இருக்கும். கையில் ஏறுவது பெரும்பாலும் இந்தக் கூட்டம்தான். மனிதர் மேல் இது குடியேறாது. கடித்து இரண்டு நாள் அரிக்கும், குளித்துத் துணியை மாற்றினால் போகும்.

சரி, முதலில் அந்த அடைக்கோழி.

கோடையில் செள்ளின் முட்டை பொரிந்து, வளர்ந்து, திரும்ப முட்டை வைக்க ஏறக்குறைய ஒரு வாரம் போதும். கோழி அடை உட்காருவதோ 21 நாள். இருபத்து நான்கு மணி நேரமும் சூடு, இருட்டு, அசையாமல் உட்கார்ந்திருக்கும் ரத்தம். மூன்று தலைமுறை பெருகிவிடும். அதனால்தான் பாதி நாள் வரை ஒழுங்காக உட்கார்ந்த கோழி திடீரென்று முட்டையை விட்டு எழுந்து போய்விடுகிறது. கண்ணு பட்டது, கோழிக்குப் புத்தியில்லை என்பார்கள். கோழிக்கு இருந்த புத்தி போதும், நமக்குத்தான் கூடையைத் தூக்கிப் பார்க்கத் தோன்றவில்லை.

அடைக்கோழி ஒரு நாளைக்கு ஒருமுறை இரை எடுக்க இறங்கும், பதினைந்து இருபது நிமிடம் வெளியே நிற்கும். அதற்குள் வேலையை முடிக்க வேண்டும். வேறொரு கூடையை முந்தின நாளே வெயிலில் காயவைத்துத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். அடியில் நாலு விரல் கனம் காய்ந்த ஆற்று மணல், அதன் மேல் சலித்த அடுப்புச் சாம்பல் மெல்லிசாக, அதன் மேல் புது வைக்கோல், நடுவே உலர்ந்த வேப்பிலை ஒரு பிடி. சாம்பல் விறகுச் சாம்பலாக, நன்றாக ஆறியதாக, ஈரமில்லாததாக இருக்கட்டும். ஈரப்பட்ட சாம்பல் தோலை அரிக்கும். பிளாஸ்டிக் போட்டு எரித்த அடுப்பின் சாம்பல் வேண்டவே வேண்டாம். கோழி இறங்கியதும் முட்டைகளைக் காய்ந்த துணியால் துடைத்துப் புதுக் கூடையில் வையுங்கள், கழுவாதீர்கள். பழைய கூடை இருந்த அதே இடத்தில் புதுக் கூடை இருக்க வேண்டும், இல்லையென்றால் சில கோழிகள் ஏறாது. பழைய வைக்கோலை அப்போதே எரித்துவிடுங்கள், குப்பைக்குழியில் போட்டால் செள் நடந்தே திரும்பி வரும். பழைய கூடையில் கொதிக்கிற தண்ணீரை ஊற்றி வெயிலில் கவிழ்த்துப் போடுங்கள். 5 நாள் கழித்து இதையே இன்னொரு முறை செய்யுங்கள், அதற்குள் குஞ்சு பொரிக்கும் நாளும் நெருங்கிவிடும்.

இடிக்கு முட்டை கெடாமல் இருக்கக் கரித்துண்டும் இரும்பும் வைப்பார்களே, அதை வைப்பதும் வைக்காததும் உங்கள் விருப்பம். செள்ளுக்கும் அதற்கும் தொடர்பில்லை.

ஒரு தவறை ஒப்புக்கொள்கிறேன். கோழி வளர்க்க ஆரம்பித்த புதிதில், வேப்பெண்ணெய்தானே, இயற்கைதானே என்று ஒரு அடைக்கோழியின் வயிறு முழுக்கத் தாராளமாகத் தடவி உட்கார வைத்தேன். 12 முட்டையில் 3 பொரிந்தது. மிச்சத்தை உடைத்துப் பார்த்தால் பாதி வளர்ந்து செத்த குஞ்சுகள். முட்டை ஓட்டில் ஆயிரக்கணக்கான நுண்துளைகள் இருக்கின்றன, குஞ்சு மூச்சு விடுவது அதன் வழியாகத்தான். கோழியின் வயிற்று எண்ணெய் ஓட்டில் படிந்து அந்தத் துளைகளை அடைத்திருந்தது. அடைக்கோழிக்கு எண்ணெய் வைத்தியம் எதுவும் வேண்டாம் என்பதை அந்த 9 முட்டைகளில் கற்றுக்கொண்டேன்.

அடுத்தது கூடு. வேலையில் பெரும்பங்கு இங்கேதான், மருந்து இல்லாமலே முக்கால்வாசி முடியும். கோழிகளை வெளியே விட்டுவிட்டுக் கூட்டில் கழற்ற முடிந்ததையெல்லாம் கழற்றுங்கள். கம்பு, பலகை, முட்டைப் பெட்டி, கோணிச்சாக்கு. சாக்கை எரித்துவிடலாம். இடுக்குகளைச் சுரண்டிவிட்டுக் கொதிக்கும் தண்ணீரைக் கெட்டிலிலிருந்து மெதுவாக ஊற்றுங்கள், வாளியில் வீசி ஊற்றினால் இடுக்கில் இறங்காது. சுவராக இருந்தால் காய்ந்த பிறகு சுண்ணாம்பு கெட்டியாக அடியுங்கள். சுண்ணாம்பு பூச்சியைக் கொல்வதைவிட அது ஒளியும் வெடிப்பை அடைப்பதுதான் பெரிய லாபம். ஈரச் சுண்ணாம்பு கோழியின் கண்ணையும் காலையும் புண்ணாக்கும், முழுக்கக் காய்ந்த பின்தான் அடைக்க வேண்டும். உட்காரும் கம்பு மூங்கிலாக இருந்தால் அடுத்த முறை வழவழப்பான முழுக் கட்டையாக மாற்றுங்கள், கணுவும் ஓட்டையும் இல்லாத கட்டையில் செள்ளுக்கு வீடு இல்லை. நெருப்பு காட்டிக் கூட்டைச் சுத்தம் செய்கிறவர்களும் உண்டு. ஓலைக் கூரை இருக்கும் இடத்தில் அந்த யோசனையே வேண்டாம்.

ஒரு தடவையோடு நிறுத்திவிடாதீர்கள். 5 நாள் இடைவெளியில் மூன்று முறை. இடுக்கில் தப்பிய முட்டைகள் பொரிந்து வருவதைப் பெரிதாகும் முன் பிடிப்பதற்குத்தான் இந்தக் கணக்கு. கூட்டைக் காலியாகப் போட்டால் பட்டினியில் செத்துவிடும் என்றும் நம்பாதீர்கள், கூட்டுச் செள் ரத்தமே இல்லாமல் மாதக்கணக்கில் தாங்கும்.

பேனாக இருந்தால் கதை வேறு. பேன் கோழியை விட்டுப் பிரிந்தால் ஒரு வாரம் தாங்காது, அதற்குக் கூடு முக்கியமில்லை. தோல் செதிலையும் இறகையும் அரித்துத் தின்று வாழ்கிறது. கோழிக்கு இயற்கை கொடுத்த மருந்து இரண்டு: அலகும் புழுதியும். அலகு நுனியை வெட்டிய கோழிகளில் பேன் பெருகுவது அதிகம் என்று ஆராய்ந்தே சொல்லியிருக்கிறார்கள், கோதிக் கோதி எடுக்க முடியாதல்லவா. அதனால் 7 கோழியில் ஒன்றின் மேல் மட்டும் பேன் மொய்த்தால், அது ஏன் கோதுவதில்லை என்று யோசியுங்கள். பெரும்பாலும் அதற்கு வேறு நோவு இருக்கும், பேன் பின்னால் வந்தது.

புழுதிக் குளியலுக்கு மழை படாத இடத்தில் இரண்டடிக்கு இரண்டடி, அரையடி ஆழத்தில் ஒரு குழியோ பெட்டியோ போதும். செம்மண்ணோ மணலோ மூன்று பங்கு, சாம்பல் ஒரு பங்கு. இது பாட்டி வைத்தியம் மட்டுமில்லை. அமெரிக்காவில் ரிவர்சைடு நகரிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் புழுதிப் பெட்டிகளை வைத்துச் சோதித்து 2012இல் வெளியிட்டார்கள். மணலோடு டயாட்டம் மண்ணோ (நுண்பாசிகளின் ஓடு படிந்து உண்டான தூள்) கயோலின் என்ற வெள்ளைக் களிமண்ணோ கலந்து வைத்தபோது, அதில் புரண்ட கோழிகளில் ஒரே வாரத்தில் பேனும் செள்ளும் 80 முதல் 100 சதவீதம் வரை குறைந்தன. கந்தகத் தூள் அதைவிட நன்றாக வேலை செய்தது. தூளை அள்ளி வீசாமல் மணலில் பிசிறிவிடுங்கள். நுண்ணிய தூசு உங்கள் நெஞ்சுக்கும் ஆகாது, கோழியின் மூச்சுக்கும் ஆகாது.

கொண்டையிலும் கண்ணைச் சுற்றியும் கறுப்பாகக் கேழ்வரகு ஒட்டியது போலக் கொத்தாக இருந்தால் அது தெள்ளுப்பூச்சி. தலையைச் சதைக்குள் செருகிக்கொண்டு அசையாது. பிய்த்து எடுத்தால் புண்ணாகும். காது குடையும் பஞ்சுக்குச்சியில் வாஸ்லைன் தொட்டுக் கொத்தின் மேல் மட்டும் பூசுங்கள், கண்ணுக்குள் போகக் கூடாது. மூச்சடைத்துச் செத்ததும் மறுநாள் இடுக்கியால் எடுக்கலாம். இதன் புழு வளர்வது மண்ணில், நாய், பூனை, எலி மேலும் ஒட்டும். கூட்டைச் சுற்றி ஈரக் குப்பையைக் கூட்டித் தள்ளி வெயில் விழ வைத்தால்தான் அடங்கும்.

காலில் செதில் தூக்கி, சுண்ணாம்பு அப்பியது போல இருந்தால் செதிலுக்கடியில் நுண்ணிய செள் வளை தோண்டியிருக்கிறது. வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் காலைப் பத்து நிமிடம் ஊறவைத்து, பழைய டூத் பிரஷ்ஷால் மெல்லத் தேய்த்து, துடைத்துவிட்டுத் தேங்காய் எண்ணெயோ வாஸ்லைனோ பூசுங்கள். வாரம் ஒருமுறை, ஒன்றரை இரண்டு மாதம். செதிலைப் பிய்க்காதீர்கள். மண்ணெண்ணெய் தடவுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். செள் சாகும், கூடவே கால் தோலும் வெந்துபோகும்.

சுவர் வெடிப்பில் தட்டையாகப் பாக்குச் சீவல் மாதிரி பெரிய உண்ணி இருந்தால் அதை இலேசாக எண்ண வேண்டாம். கோழி உண்ணி இரவில்தான் வரும், வெற்றுச் சுவரில் ஆண்டுக்கணக்கில் உயிரோடு இருக்கும். ரத்தம் குடிப்பதோடு ஒரு காய்ச்சலையும் பரப்பும். கோழி கொண்டை வெளுத்து, பச்சையாகக் கழிந்து, கால் தள்ளாடும். நாம் வெள்ளைக்கழிச்சல் (ராணிக்கெட் நோய்) என்று முடிவு கட்டி விட்டுவிடுவோம். இந்தக் காய்ச்சல் ஆன்டிபயாடிக்கில் குணமாகும், அதனால் கோழியைக் கூடையில் வைத்துக் கால்நடை மருந்தகத்துக்கு எடுத்துப் போவது வீண் அலைச்சல் இல்லை. சுவரில் உண்ணி பார்த்ததையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

இயற்கை வைத்தியம் என்று கேள்விப்படுவதில் மூன்றைத் தள்ளி வையுங்கள். சீத்தாப்பழ விதைப் பொடி பேனைக் கொல்லும், உண்மை. கண்ணில் பட்டால் கருவிழியைப் புண்ணாக்கும், கோழி இறகை உதறும்போது முதலில் போவது உங்கள் கண்ணுக்குள்தான். புகையிலைத் தண்ணீர்: நிக்கோட்டின் தோல் வழியாகவே உடம்பில் ஏறும் விஷம், செடியில் விளைந்தது என்பதால் சாதுவாகிவிடாது. அந்துருண்டையை முட்டைப் பெட்டியில் போடுவது மூன்றாவது. அதன் வாடை முட்டைக்குள் இறங்கும், அந்த முட்டையைப் பேத்திக்குக் கொடுக்க முடியாது. நொச்சி, வேப்பிலை, வசம்பு போன்றவற்றைக் கூடையில் வைப்பதில் கெடுதல் இல்லை. ஆனால் ஏற்கெனவே ஆயிரக்கணக்கில் மொய்க்கும் செள்ளை அவை ஒழிக்கும் என்று காத்திருக்க வேண்டாம்.

இத்தனையும் செய்தும் அடங்கவில்லை என்றால் மருந்துதான். ஆனால் கால்நடை மருத்துவர் கோழிக்கென்று எழுதிக் கொடுத்த மருந்து, அவர் சொன்ன அளவு. பூச்சிமருந்துக் கடையில் பயிருக்கு விற்பதில் பெயர் ஒன்றாக இருக்கும், வீரியம் வேறாக இருக்கும். உண்ணிக்கும் பயிர்ப் பூச்சிக்கும் அடிக்கும் டெல்டாமெத்ரினையே எடுத்துக்கொள்ளுங்கள். கால்நடைக்கு வருவது 1.25 சதவீதம், அதாவது ஒரு மில்லியில் 12.5 மில்லிகிராம். பயிருக்கு வருவதில் 2.8 சதவீதம் உண்டு, அதில் 28 மில்லிகிராம். அதே 'ரெண்டு மில்லி' என்று ஊற்றினால் இரண்டு மடங்குக்கும் மேல் போய்விடும். அதையும் மூடியால் அளந்தால் எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது. மெடிக்கலில் ஊசி இல்லாத சிரிஞ்ச் ஒன்று வாங்கி மருந்துக்கென்றே தனியாக வையுங்கள்.

பரணில் கிடக்கும் பழைய டப்பாக்களையும் பாருங்கள். முன்பு கோழிக்குத் தூவிய காமாக்சின் குடும்பத்து லிண்டேனுக்கு 2013இலும், கார்பரில் தூளுக்கு 2018இலும், கூட்டில் தெளித்த டைகுளோர்வாஸுக்கு 2020 கடைசியிலும் இந்தியாவில் தடை வந்துவிட்டது. மிச்சம் இருந்தாலும் பயன்படுத்த வேண்டாம். நாய்க்குக் கழுத்தில் விடும் சொட்டு மருந்தைக் கோழிக்கும் ஒரு துளி விடலாம் என்று சொல்கிறவர்களும் உண்டு. அவற்றில் பலவற்றில் இருப்பது ஃபிப்ரோனில் என்ற பூச்சிக்கொல்லி. 2017இல் நெதர்லாந்து, பெல்ஜியம் பண்ணைகளில் செள்ளுக்கு அடித்த ஒரு மூலிகைத் தயாரிப்பில் சட்டவிரோதமாகக் கலந்திருந்தது இதுதான். முட்டையில் அது தெரியவந்து, ஐரோப்பா முழுக்கக் கோடிக்கணக்கான முட்டைகளைக் கடைகளிலிருந்து எடுத்தார்கள். குடற்புழுவுக்கும் செள்ளுக்கும் கொடுக்கும் ஐவர்மெக்டினும் முட்டைக்குள் தங்கும். ஆகவே டாக்டரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி "எத்தனை நாள் முட்டையை ஒதுக்கணும் டாக்டர்?" என்பதுதான். அந்த நாள் கணக்கு தெரியாத மருந்தைப் பேத்தி சாப்பிடும் கோழிகளுக்குப் போட வேண்டாம்.

தெளிப்பதானால் கூட்டுக்குத் தெளியுங்கள், கோழிகள் வெளியே இருக்கும்போது, தீனியையும் தண்ணீர்ப் பாத்திரத்தையும் எடுத்துவிட்டு. காய்ந்த பின் கோழிகளை அடைத்துவிடுங்கள். கோழியின் மேலேயே போட வேண்டும் என்று டாக்டர் சொன்னால் வெயில் ஏறும் காலை நேரத்தில் போடுங்கள், சாயங்காலம் நனைந்த கோழி குளிரில் சுருண்டுவிடும். தலை நனையக் கூடாது. நீங்கள் கையுறை போட்டுக்கொள்ளுங்கள். மிஞ்சிய கரைசலைக் கிணற்றடியிலோ குளத்துப் பக்கமோ கொட்டினால் மீன்கள் செத்து மிதக்கும். பூனை இருந்தால் அன்றைக்கு அதைக் கட்டிப் போடுங்கள், பெர்மெத்ரின் போன்ற பூச்சிமருந்துகள் பூனைக்கு ஆகாது. கோழி எச்சில் ஒழுக்கி, நடுங்கி, கால் விழுந்தால் உடனே சோப்புத் தண்ணீரில் கழுவி, துடைத்து, மருந்து டப்பாவையும் கையில் எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் ஓடுங்கள். பேனுக்குப் போட்ட மருந்து ஈரைக் கொல்லாது, பத்து நாள் கழித்து டாக்டர் சொல்கிறபடி இரண்டாவது முறை வேண்டியிருக்கும்.

உங்கள் கோழி 21ஆம் நாள் பொரித்ததும் இன்னும் ஒரு வேலை இருக்கிறது. தாயின் மேல் இருக்கும் பேன் குஞ்சுகளின் தலைக்கு ஏறும், ஒரு பிடி எடைகூட இல்லாத குஞ்சுக்கு நாலைந்து பேனே சோர்வைக் கொடுக்கும். குஞ்சுக்கு எந்த மருந்தும் போடாதீர்கள். பொரித்து ஈரம் காய்ந்ததும் தாயையும் குஞ்சுகளையும் மூன்றாவதாக ஒரு காய்ந்த கூடைக்கு மாற்றி, பொரித்த கூடையின் வைக்கோலையும் எரித்துவிடுங்கள். இரண்டு நாளுக்கு ஒருமுறை ஒவ்வொரு குஞ்சாகக் கையில் எடுத்து உச்சந்தலை ரோமத்தை ஊதிப் பாருங்கள். பேன் தெரிந்தால் சீப்பில் இழுப்பது போல விரல் நகத்தால் இழுத்து எடுத்துவிடலாம். தாய்க்கோழி கொத்தும், அதற்கு ஒரு தடித்த துணியைக் கையில் சுற்றிக்கொள்ளுங்கள்.